யூஃபோனியத்தின் பழைய ஸ்லைடை அறுக்க விடாதே

நாகர்கோவில்

அன்பு மக்களே,

நீ வாங்கிய யூஃபோனியத்தின், அதான் அந்தப் பெரிய பித்தளை ஊதுவாத்தியத்தின், படங்கள் வந்தன. மணிபோல விரிந்த வாயில் செயின்ட் ஆல்பன்ஸ் என்று இங்கிலாந்து ஊர்ப் பெயர் பொறித்திருப்பதைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். நம்ம இரட்சணிய சேனை அங்கே சொந்தமாகத் தொழிற்சாலை வைத்து வாத்தியம் செய்த காலத்துச் சரக்கு. வாங்கியது நல்லதுதான்.

சுருதி அளக்கும் ட்யூனரில் சுருதி எப்போதும் ஏறியே காட்டுகிறது என்று எழுதியிருந்தாய். உன் உதட்டைக் குறை சொல்லாதே. 1939இல் லண்டனில் கூடி ‘ஏ’ சுரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு என்று முடிவு செய்தார்கள். ஆனாலும் அந்நாட்டு பிராஸ் பேண்டுகள் 1960கள் வரை 452க்குப் பக்கத்திலேயே ஊதிக்கொண்டிருந்தன. பேண்டு முழுவதற்கும் புது வாத்தியம் வாங்கக் காசு யார் கொடுப்பது? உன்னுடையது அந்த உயர்ந்த சுருதிக்குச் செய்தது. அரைச்சுரத்தில் ஏறக்குறைய பாதி அதிகம்.

கணக்கு இதுதான். யூஃபோனியத்தின் குழாய் சுமார் 270 செ.மீ. 440க்கு இறங்க நூற்றுக்குக் கிட்டத்தட்ட மூன்று பங்கு நீளம் கூட வேண்டும், அதாவது ஏழரை செ.மீ. சுருதியைச் சரிசெய்ய இழுத்து நீட்டும் U வடிவக் குழாய்தான் பெரிய ஸ்லைடு; அதற்கு இரண்டு கால், ஆகவே ஒவ்வொன்றும் நாலு செ.மீ. சுமார் வெளியே வரவேண்டும். அவ்வளவு இழுத்தால் உள்ளே பிடிமானம் போதாது. ஸ்லைடு ஆடும், காற்று கசியும்.

கடைக்காரர் பழைய காலையே அறுத்துத் துண்டு வைத்துப் பற்றவைக்கலாம் என்றாராம். வேண்டாம். புதிதாக நீளக் கால்களோடு இன்னொரு ஸ்லைடு செய்யச் சொல். பழையதைத் துணியில் சுற்றிப் பெட்டியிலேயே போட்டு வை. வேலையை எப்படிச் செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பார். புதுக் கால்கள் இரண்டையும் கிரீஸ் தடவி வாத்தியத்துக்குள் செருகி வைத்துக்கொண்டே வளைவைப் பற்றவைக்க வேண்டும். மேசையில் வைத்துப் பற்றவைத்தால் கால்கள் ஒரு மயிரிழை கோணும். அப்புறம் ஸ்லைடு பாதியில் இறுகி நிற்கும். ஈயம் அளவாகத்தான் போகணும். காலில் வழிந்தால் தேய்த்து எடுக்கும்போது சேர்த்துக் குழாயும் தேயும்.

பெரிய ஸ்லைடை மட்டும் மாற்றிவிட்டு நிறைய பேர் அத்தோடு விட்டுவிடுவார்கள். விரலால் அழுத்தும் வால்வு ஒவ்வொன்றுக்கும் உள்ள ஸ்லைடுகளும் அதே விகிதத்தில் நீளணும். அதற்குப் புதுக் குழாய் தேவையில்லை, இழுத்தாலே போதும்: முதல் வால்வில் காலுக்கு அரை செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, இரண்டாவதில் இரண்டு மில்லிமீட்டர், மூன்றாவதில் ஏழு. ஒன்றையும் மூன்றையும் சேர்த்து அழுத்தும்போது சுரம் ஏற்கெனவே ஏறித்தான் நிற்கும். இழுக்காமல் விட்டால் இன்னும் ஏறும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் உன்னை முறைப்பான்.

இரண்டாவது வால்வு ஸ்லைடு அசையவில்லை என்றாயே, சுத்தியலைத் தொடாதே. மூட்டில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடு. காலையில் துணியை வளையமாகக் கோத்து நேராக இழு. அசையாவிட்டால் திரும்ப எண்ணெய் விடு. வரும்போது ‘டப்’ என்று சத்தம் கேட்டால் சந்தோஷப்படு, காற்று கசியவில்லை என்று அர்த்தம்.

ட்யூனரில் பார்க்குமுன் பத்து நிமிஷம் ஊதிச் சூடேற்று. உங்கள் ஊர்க் குளிரில் வாத்தியம் இறங்கியே பேசும், அதை நம்பி அளவு எடுத்துவிடாதே.

பெரிய ஸ்லைடு காலின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்து எனக்கு எழுது. ஸ்கேலில் அளந்தது வேண்டாம்.

அப்பா