ஆலா முட்டையிடும் மாதத்தில் வந்து எண்ணுங்கள்: கோரிக்கை மனு

அனுப்புநர்: தனுஷ்கோடி கரைவலை மீனவர்

பெறுநர்: உயர்திரு வன அலுவலர் அவர்கள்

பொருள்: அரிச்சல்முனை மணல்வெளியில் முட்டையிடும் ஆலாப் பறவைகளைக் கோடையில் கணக்கெடுத்துக் காக்க வேண்டுதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். இதே விஷயமாக இதற்கு முன் இரண்டு மனுக்கள் கொடுத்துள்ளேன். ரசீது கிடைத்தது, பதில் வரவில்லை. இடம் தங்களுக்குத் தெரியும். இடிந்த சர்ச்சைத் தாண்டி, ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்.

1. ஜனவரியில் ஈரநிலப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நல்லது. அது பூநாரையும் உள்ளானும் வலசை வந்திருக்கும் காலம். சின்ன ஆலா இங்கே முட்டையிடுவது கோடையில். அப்போது நோட்டும் பைனாகுலருமாக ஒருவரையும் எங்கள் கரையில் நான் பார்த்ததில்லை.

2. சூரை, சீலா மாதிரிப் பெரிய மீன்கள் அடியிலிருந்து விரட்ட, சூடை என்கிற பொடி மீன் மேலே வரும். ஆலா மேலிருந்து விழும். ஆலா விழுகிற இடம் பார்த்து வலை வளைத்தவர்கள் எங்கள் அப்பாக்கள். ஆலா, சூரை, சுறா, ஓங்கில் (டால்பின்) இவற்றை வருடா வருடம் ஒரே முறையில் எண்ணி வைத்தால், கடலில் இரை குறைவது நமக்கு முன்னமே தெரியவரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளை அரசு நிறுத்துகிறது, மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று. அதே நாட்களில் கரையில் கிடக்கும் முட்டைக்கு என்ன தடை இருக்கிறது?

3. இதுதான் தாங்க முடியாதது. ஆலாவுக்குக் கூடு என்று ஒன்று கிடையாது. மணலில் ஒரு சிறு பள்ளம், அதில் இரண்டு மூன்று முட்டை, மணல் நிறத்திலேயே புள்ளி புள்ளியாக. பக்கத்தில் போனாலும் கண்ணுக்குத் தெரியாது. ரோட்டை விட்டு இறங்கி ஓடும் வண்டிக்காரருக்கு எப்படித் தெரியும்? போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டயர் தடத்துக்குள் நசுங்கிய முட்டையைப் பார்த்தேன். மஞ்சள் கரு மணலில் காய்ந்து ஒட்டியிருந்தது. தாய் கடலுக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஓட்டின் மேலேயே உட்கார்ந்தது. வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க அது செய்கிற வேலை அது. மறுபடி எழுந்து போனது, மறுபடி நனைந்து வந்தது. ஐயா, நான் எத்தனை மனு எழுதினால் இதை வந்து பார்ப்பீர்கள்? தப்பியவற்றை நாயும் காக்காயும் முடிக்கின்றன. தின்பண்டக் குப்பைதான் அவற்றை அங்கே இழுக்கிறது.

4. அடைகாக்க மூன்று வாரம், குஞ்சு பறக்க இன்னும் மூன்று வாரம். அதுவரை அந்த இடத்தைச் சுற்றிக் கம்பும் கயிறும் கட்டினால் போதும். அப்புறம் எங்கள் பையன்கள் இரண்டு பேருக்குக் காவல் கூலி.

5. எண்ண ஆள் இல்லை என்றால் எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள், நாங்கள் எண்ணுகிறோம். எண்ணாமலே இருந்தால், இல்லாமல் போனது கூட யாருக்கும் தெரியாதே!

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். வரும் ஏப்ரலுக்கு முன் ஒருமுறை நேரில் வாருங்கள். ஆலா முட்டையிடும் மேட்டை நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன். ஏப்ரலுக்கு முன், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கரைவலை மீனவர், தனுஷ்கோடி