அந்தக் கால் சதவீதம் யாருக்குச் சேர வேண்டும்?

அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். டெக்சஸில், டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் பதினான்கு ஆண்டுகளாக வசிக்கிறேன். வார நாட்களில் கணினி வேலை. சனி, ஞாயிறுகளில் பூங்கா லீகில் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் அணிக்குச் சம்பளம் வாங்காத கோச். வெளிநாட்டுக்கு விற்கப்படும் வீரரின் விலையில் அவரை வளர்த்த சின்ன கிளப்புகளுக்குச் சேர வேண்டிய பங்கைப் பற்றியது இந்த மடல். இதே மடலை ஆங்கிலத்தில் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. சனிக்கிழமை விடியலில் மடக்கு நாற்காலியும் தண்ணீர் பாட்டிலும் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் இந்த நாட்டில் ஏராளம். அவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

என் அணியில் ஒரு பையன் இருக்கிறான். இடது கால் ஆட்டக்காரன். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிடுவான். நான் சொல்லித் தந்ததில்லை, சொல்லித் தரும் அளவுக்கு எனக்குத் தெரியவும் தெரியாது. அப்பா வீடுகளுக்குக் கூரை போடும் வேலை செய்கிறார். போன ஏப்ரலில் எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்த ஒரு பெரிய கிளப்பின் கோச், ஆட்டம் முடிந்ததும் நேராக அந்தப் பையனிடம்தான் போனார். தேர்வுக்கு அழைத்தார்கள், போனான், தேறிவிட்டான். அப்புறம் கட்டண விவரம் வந்தது. ஆண்டுக்கு 3,200 டாலர். சீருடை தனி. வெளியூர்ப் போட்டிகளுக்கு ஓட்டல் அறை, பெட்ரோல் எல்லாம் தனி. அவன் அப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "கோச், மாதாமாதம் கட்டலாமா?" கட்டலாம் என்றார்கள், ஆனால் தொகை அதேதான். உதவித்தொகை கேட்டோம். இந்த ஆண்டுக்கான பணம் தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. பையன் திரும்பவும் எங்கள் பூங்கா அணிக்கே வந்துவிட்டான்.

அந்த கிளப்பை நான் குறை சொல்லவில்லை. மைதான வாடகை, கோச் சம்பளம், நடுவர் கட்டணம் எல்லாமே பெற்றோர் தரும் பணத்திலிருந்துதான் போக வேண்டும். அவர்களுக்கு வேறு வரவு கிடையாது. ஏன் கிடையாது என்பதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

நம் அமெரிக்கப் பிள்ளைகள் ஐரோப்பாவில் ஆடுவதைப் பார்ப்பதுபோல் எனக்கு மகிழ்ச்சி தருவது வேறில்லை. ஜெர்மன் லீகின் மதிய ஆட்டங்கள் எங்களுக்குக் காலை எட்டரை மணிக்கு வரும். 2016 ஜனவரியில் கிறிஸ்டியன் புலிசிக் 17 வயதில் டார்ட்மண்ட் சட்டையோடு இறங்கிய நாளிலிருந்து என் வீட்டில் சனிக்கிழமைக் காப்பி தொலைக்காட்சி முன்னால்தான். 2020 ஆகஸ்டில் லிஸ்பனில், சாம்பியன்ஸ் லீக் காலிறுதியின் கடைசி நிமிடங்களில் டைலர் ஆடம்ஸ் அடித்த பந்து அட்லெட்டிகோ மாட்ரிட் வலைக்குள் போனபோது, பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஆச்சோ என்று கதவைத் தட்டிவிட்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான், 2017 அக்டோபரில், டிரினிடாடில் தோற்று உலகக் கோப்பைக்கே தகுதி பெறாமல் புலிசிக் அழுததையும் பார்த்தோம். அந்த இரவுக்கும் லிஸ்பன் இரவுக்கும் நடுவே ஒரு தலைமுறையே ஐரோப்பாவில் வேர்பிடித்துவிட்டது.

ஆனால் அந்தத் தலைமுறை எந்த வழியாகப் போனது என்று ஒவ்வொருவராகப் பாருங்கள். புலிசிக் பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் வளர்ந்தவர். 18 வயதுக்குக் கீழான வீரர்கள் நாடுவிட்டு நாடு மாற ஃபிஃபா விதி தடை போடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் 16 வயதிலேயே மாறலாம். புலிசிக்கின் தாத்தா குரோஷியாவின் ஒரு சின்னத் தீவில் பிறந்தவர். அந்த வழியில் குரோஷிய பாஸ்போர்ட் கிடைத்ததால்தான் 16 வயதில் டார்ட்மண்ட் போக முடிந்தது. அப்பாவும் கூடவே போய்த் தங்கினார். அம்மா, அப்பா இருவருமே கல்லூரியில் கால்பந்து ஆடியவர்கள். 16க்கும் 18க்கும் இடைப்பட்ட அந்த இரண்டு ஆண்டுகள்தான் எல்லாமே என்ற பொருளில் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஜியோ ரேனாவுக்குப் போர்ச்சுகல் பாஸ்போர்ட். அவருடைய அப்பா கிளாடியோ ரேனா நம் தேசிய அணியின் கேப்டனாக இருந்தவர். செர்ஜினியோ டெஸ்ட் நெதர்லாந்திலேயே பிறந்து அயாக்ஸில் வளர்ந்தவர். யூனுஸ் மூசாவும் ஃபோலரின் பலோகனும் நியூயார்க்கில் பிறந்தாலும் ஆட்டம் கற்றது ஐரோப்பாவில்தான். இவர்கள் யாருடைய திறமையையும் நான் குறைக்கவில்லை. பாஸ்போர்ட் பந்து ஆடித் தராது. ஆனால் தாத்தா வேறு கண்டத்தில் பிறந்திருக்க வேண்டும் என்பதை ஒரு நாட்டின் வளர்ப்புத் திட்டமாக நம்பியிருக்க முடியாது.

அந்தப் பாஸ்போர்ட் இல்லாமல் போனவர்களில் மூன்று பேர் எங்கள் ஊரிலுள்ள எஃப்.சி. டாலஸ் அகாதமியில் ஆடியவர்கள் என்பதில் ஃபிரிஸ்கோக்காரர்களுக்குப் பெருமை உண்டு. வெஸ்டன் மெக்கென்னி 2016இல் எஃப்.சி. டாலஸின் ஒப்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜெர்மனியின் ஷால்கே போனார், பின்பு இத்தாலியின் யுவென்டஸ். கிறிஸ் ரிச்சர்ட்ஸ், எம்.எல்.எஸ். என்ற நம் முதன்மைத் தொழில்முறை லீகின் கிளப்பே இல்லாத அலபாமாவிலிருந்து வந்தவர். டாலஸில் முதலில் இடம் கிடைக்காமல் ஹூஸ்டனில் ஆடி, பிறகு டாலஸ், பயர்ன் மியூனிக் என்று போய், 2025 மே மாதம் கிரிஸ்டல் பேலஸோடு எஃப்.ஏ. கோப்பையை வென்றார். ரிக்கார்டோ பெப்பி மெக்சிகோ எல்லையை ஒட்டிய எல் பாசோ பகுதிப் பையன். 2022 ஜனவரியில் சுமார் 2 கோடி டாலருக்கு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் கிளப் அவரை வாங்கியதாகச் செய்தி வந்தது. அங்கே ஒரு கோல்கூட வரவில்லை. அந்தக் காலத்தில் அவரைக் கைகழுவியவர்கள் இங்கே நிறையப் பேர். அவர் நெதர்லாந்துக்குப் போனார், குரோனிங்கன் என்ற அணியில் ஒரு பருவம் கோல் மேல் கோல் அடித்தார், பிறகு அங்குள்ள பி.எஸ்.வி. கிளப் அவரை எடுத்துக்கொண்டது. பத்தொன்பது வயதில் ஒருவன் முடிந்துபோய்விட்டான் என்று சொல்லக் கூடாது என்பதை நான் பெப்பியிடம்தான் கற்றேன். எம்.எல்.எஸ். அகாதமிகளில் பெரும்பாலும் கட்டணம் கிடையாது, அதனால்தான் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வழி கிடைத்தது. ஆனால் இவ்வளவு பெரிய நாட்டில் எம்.எல்.எஸ். கிளப் இருப்பது 27தான். அந்த வாசல்வரை ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து சேர்ப்பது யார்? ஏதோ ஒரு ஊரின் சின்ன கிளப்.

கிளின்ட் டெம்ப்சியை நினைத்துப் பாருங்கள். எங்கள் டெக்சஸின் நாகடோசஸ் ஊர்க்காரர். குடும்பம் டிரெய்லர் வீட்டில் வாழ்ந்தது. மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர்களோடு ஆடி வளர்ந்த பையன். பயிற்சிக்காக டாலஸ் வரை ஒரு வழிக்கே மூன்று மணி நேரம் கார் ஓட்டினார்கள். நடுவே பணம் போதாமல் நிறுத்தவும் வேண்டியிருந்தது. டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்த அக்கா ஜெனிஃபருக்கும் செலவு செய்ய வேண்டும் அல்லவா? அந்த அக்கா 16 வயதில் இறந்துபோனார். பிறகு மற்றப் பெற்றோர்கள் கைகொடுத்து டெம்ப்சியைத் திரும்ப மைதானத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர்தான் பின்னாளில் இங்கிலாந்தின் ஃபுல்ஹம் அணிக்காக யுவென்டஸ் கோல்கீப்பரின் தலைக்கு மேலே பந்தை மிதக்கவிட்டார். தேசிய அணிக்கு 57 கோல். அந்த மற்றப் பெற்றோர்கள் இல்லையென்றால் அந்த 57ம் இல்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஃபிஃபாவின் வீரர் மாற்ற விதிகளில் 2001 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடியும் முன் ஒரு வீரர் நாடு தாண்டி விற்கப்பட்டால், டிரான்ஸ்ஃபர் தொகையில் 5 சதவீதத்தை எடுத்து, 12 வயது முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். 12 முதல் 15 வரை ஆண்டுக்குக் கால் சதவீதம். அதன் பிறகு ஆண்டுக்கு அரை சதவீதம். 2019இல் செல்சி புலிசிக்கை வாங்கியது 64 மில்லியன் யூரோவுக்கு. அதில் கால் சதவீதம் 1,60,000 யூரோ. ஒரு சின்ன கிளப்புக்கு அவருடைய ஒரே ஓர் ஆண்டு அது. நான்கு ஆண்டு என்றால் 6,40,000. என் அணிப் பையன் கட்ட முடியாத 3,200 டாலரை அதோடு வைத்துப் பாருங்கள். இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் ஒரு வருடக் கட்டணம் அது, ஒரே ஒரு டிரான்ஸ்ஃபரில்.

உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த இந்த விதியை நீங்கள் நீண்ட காலம் நாட்டுக்குள் அமல்படுத்தவில்லை. டிஆண்ட்ரே யெட்லின் 2014இல் சியாட்டிலிலிருந்து டாட்டன்ஹாமுக்கு விற்கப்பட்டபோது அவரை வளர்த்த கிராஸ்ஃபயர் கிளப் தன் பங்கைக் கேட்டது. டெம்ப்சிக்காக டாலஸ் டெக்சன்ஸ் கிளப் கேட்டது. மைக்கேல் பிராட்லிக்காக ஷிகாகோவின் சாக்கர்ஸ் கிளப் கேட்டது. வீரர்கள் எம்.எல்.எஸ். மீது 1990களில் தொடுத்த ஃப்ரேசர் வழக்கையும் வணிகப் போட்டியைக் காக்கும் சட்டத்தையும் காரணமாகக் காட்டி ஒதுங்கிக்கொண்டீர்கள். 2019 ஏப்ரலில் எம்.எல்.எஸ். தன் அகாதமி வீரர்களுக்காக இந்தத் தொகைகளைக் கேட்கப்போவதாக அறிவித்தது. நல்லது. ஆனால் எம்.எல்.எஸ்.ஸுக்குக் கேட்க வக்கீல்கள் இருக்கிறார்கள். மாலையில் பள்ளிக்கூட மைதானத்தை வாடகைக்கு எடுத்து ஓடும் கிளப்புக்கு யார் இருக்கிறார்கள்?

வீரர்கள் சங்கத்தின் பயமும் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு பையனின் தலையில் விலைச்சீட்டை ஒட்டிவிட்டால், இலவசமாக வருவான் என்று காத்திருந்த ஐரோப்பிய கிளப் பின்வாங்கலாம். மெக்கென்னி போனபோது ஷால்கே டாலஸுக்கு ஒரு பெரிய தொகை கொடுக்க வேண்டியிருந்தால் அவரை எடுத்திருப்பார்களா என்று நானே பலமுறை யோசித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி பயிற்சி இழப்பீட்டைப் பற்றியது, அதாவது வளர்த்த கிளப்புக்குப் புதிய கிளப் தர வேண்டிய தொகையைப் பற்றியது. அது முதல் ஒப்பந்தத்தின்போதே விழும் சுமை. நான் சொல்லும் 5 சதவீதம் வேறு. அது கிளப்புக்குக் கிளப் கைமாறும் பணத்திலிருந்து பிடிக்கப்படுவது. வீரரின் சம்பளத்தில் கை வைப்பதில்லை, முதன்முதலில் கடல் கடந்து போகும் பையனைத் தடுப்பதுமில்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பல ஆண்டுகள் ஓரமாக வைத்திருந்தது சரியில்லை. பயிற்சி இழப்பீட்டைப் பற்றி இன்னும் விவாதிக்கலாம். இந்த 5 சதவீதத்தை இன்றே செய்யலாம்.

இன்னொரு சிக்கல் உங்கள் கையிலேயே இருக்கிறது. 2022 நவம்பரில் ஃபிஃபா இந்தப் பணத்தை வாங்கிப் பிரித்துத் தரும் ஒரு தீர்வகத்தைத் திறந்தது. ஒரு வீரர் எந்த வயதில் எந்த கிளப்பில் பதிவாகியிருந்தார் என்று மின்னணு வீரர் பாஸ்போர்ட் ஒன்றைத் தயாரித்து, அதன்படி பணத்தைப் பிரிக்கிறார்கள். அந்த விவரத்தைத் தர வேண்டியது தேசியக் கூட்டமைப்பு. இங்கே பிள்ளைகளின் பதிவு யூ.எஸ். யூத் சாக்கரில் ஒரு பக்கம், யூ.எஸ். கிளப் சாக்கரில் ஒரு பக்கம், ஏ.ஒய்.எஸ்.ஓ.வில் ஒரு பக்கம் என்று தனித்தனி இளையோர் அமைப்புகளில் சிதறிக் கிடக்கிறது. ஒரே பையன் மூன்று ஆண்டில் மூன்று பதிவேட்டில் இருப்பான், பெயரின் எழுத்துகூட மாறியிருக்கும். தமிழ்ப் பெற்றோருக்கு இது நன்றாகவே புரியும். முதல் பெயர் எது, கடைசிப் பெயர் எது என்று எத்தனை படிவங்களில் திண்டாடியிருக்கிறோம்!

சான் ஹோசே நகரில் எத்தியோப்பியக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்காக மலேடா என்று ஒரு சிறு கால்பந்துக் குழு நடத்தினார்கள். வார இறுதியில் எல்லோரும் கூடுவார்கள், பிள்ளைகள் ஆடுவார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவருடைய மகள் நவோமி கிர்மா. 2025 ஜனவரியில் செல்சி அவரை வாங்கியபோது பெண்கள் கால்பந்தில் முதன்முறையாக டிரான்ஸ்ஃபர் தொகை 10 லட்சம் டாலரைத் தாண்டியது. அவர் முதன்முதலில் பந்தை உதைத்தது கட்டணம் கட்டும் அகாதமியில் இல்லை, அப்பாவும் அவருடைய நண்பர்களும் கூடிய பூங்காவில். நான் பந்து பழகியது வியாசர்பாடியில். வடசென்னை தெரிந்தவர்களுக்கு அந்த மைதானம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கேயும் யாரும் என்னிடம் பணம் கேட்டதில்லை. ஆகவே பணமில்லாத இடத்தில் ஆட்டம் முளைக்காது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். முளைத்ததை அதற்கு மேல் வளர்க்கத்தான் பணம் வேண்டும், அந்தப் பணம் திரும்பி வரும் பாதையைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

நாட்டிலுள்ள எல்லா இளையோர் பதிவுகளையும் ஒரே எண்ணின் கீழ் கொண்டுவாருங்கள். வெளிநாட்டு டிரான்ஸ்ஃபர் ஒன்று நடந்தால், அந்த வீரரை 12 வயதிலிருந்து வளர்த்த ஒவ்வொரு கிளப்புக்கும் நீங்களே கடிதம் எழுதுங்கள். அவர்களாகச் செய்தித்தாளில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விடாதீர்கள். அப்படி வரும் பணத்தில் ஒரு பகுதியைக் கட்டணக் குறைப்புக்குச் செலவிட வேண்டும் என்று அந்த கிளப்புகளுக்கு நிபந்தனை போடுங்கள். இல்லாவிட்டால் அது புதிய பேருந்தாகவும் புது அலுவலகமாகவும் போய்விடும், அதையும் பார்த்திருக்கிறோம். 16க்கும் 18க்கும் நடுவில் இங்கேயே மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளுக்குப் பெரியவர்களோடு போட்டி ஆட்டம் கிடைக்க வேண்டும். பிலடெல்பியாவில் கேவன் சலிவன் 2024 ஜூலையில் 14 வயதிலேயே எம்.எல்.எஸ். ஆட்டத்தில் இறங்கினார். எல்லோருக்கும் 14 வேண்டாம், 17இலாவது இறக்குங்கள்.

என் அணியின் அந்தப் பையனுக்கு வரும் மார்ச்சில் 12 வயது. ஃபிஃபாவின் கணக்கு அந்த ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது. அவன் பெயரை நான் எந்தப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், நாளைக்கு அதை யார் திறந்து பார்ப்பார்கள் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். பதிவுக் கட்டணத்தை நான் கட்டிவிடுகிறேன்.

அன்புடன்,
ஃபிரிஸ்கோ பூங்கா லீகின் ஒரு கோச்