முதுகுக்கு யோகா என்று எழுதிவிட்டுக் குனியச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் முதுகுவலிக்கும் கூனுக்கும் யோகாக் குறிப்பு வந்தால் விடாமல் படிக்கிறேன். யோகா கற்றுக்கொடுப்பது என் வேலை என்பதால், அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வருகிறவர்களையும் பார்க்கிறேன். அதனால் நேராகவே கேட்கிறேன்: முதுகைப் பலப்படுத்த என்று தலைப்பு வைத்துவிட்டு, கீழே பச்சிமோத்தாசனமும் (உட்கார்ந்து காலை நீட்டிக் குனிவது) பாதஹஸ்தாசனமும் (நின்றபடி குனிந்து பாதத்தைத் தொடுவது) படமாகப் போடுவதை நிறுத்துங்கள்.

நாள் முழுக்க உட்கார்ந்து போனையும் கணினியையும் பார்க்கிறவரின் முதுகு ஏற்கெனவே குனிந்துதான் இருக்கிறது. தலையின் எடை மட்டுமே நாலரை, ஐந்து கிலோ. அது முன்னால் நீள நீள, கழுத்தின் பின்தசைகள் விடாமல் இழுத்துப் பிடித்தபடியே இருக்க வேண்டும். அவரைக் காலை நீட்டி உட்காரவைத்துக் கால்விரலைத் தொடச் சொன்னால் என்ன ஆகும்? தொடையின் பின்தசை இறுகிக் கிடப்பதால் இடுப்பிலிருந்து மடங்க வராது, எப்படியாவது தொட்டுவிட வேண்டுமென்று கீழ்முதுகைத்தான் வளைப்பார், அந்தச் சுமையெல்லாம் அங்கே முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கில் போய் இறங்கும். ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களிலேயே டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து பார்த்தவர். நிற்கும்போது இருப்பதைவிட முன்சாய்ந்து உட்காரும்போது அது கூடுகிறது என்று காட்டினார்.

"காலையில் எழுந்தவுடன் செய்யவும்" என்று வேறு போடுகிறீர்கள். இரவு படுத்திருக்கையில் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பிவிடும், அந்த நேரத்தில் குனிந்தால் இழுவிசை அதிகம். எழுந்து நடமாடிய முதல் ஒரு மணி நேரத்தில் அது ஓரளவு தணிந்துவிடும். முதுகுவலிக்காரர் அதுவரையாவது ஆழமாகக் குனியாமல் இருக்கட்டும்.

சரி, எதைத்தான் போடுவது? குப்புறப் படுப்பதில் தொடங்குங்கள். சலபாசனம், அதாவது அப்படிப் படுத்தபடியே காலைப் பின்னால் தூக்குவது. அதிலும் முதலில் ஒரு கால் மட்டும், முழங்காலை மடக்காமல், ஒரு சாண் உயரம் போதும். இடுப்பு எலும்பு இரண்டும் தரையிலேயே இருக்க வேண்டும். மூச்சை அடக்காமல் மூன்று, நான்கு மூச்சு நிறுத்தி இறக்கி, மறு கால். இது பழகியபின் நெஞ்சையும் காலையும் சேர்த்துத் தூக்கலாம். முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் நெடுந்தசைகளும் பிட்டத் தசையும் வேலை செய்வது அப்போது நன்றாகத் தெரியும். குப்புறப் படுத்து நெஞ்சை மட்டும் தூக்கும் புஜங்காசனத்தில் பலர் கையை ஊன்றித் தள்ளியே மேலே போகிறார்கள். மேலே போனதும் உள்ளங்கையைத் தரையிலிருந்து லேசாக எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்; நெஞ்சு கீழே விழுந்தால் அந்த உயரம் கை கொடுத்தது, முதுகு கொடுத்ததல்ல. விழாமல் நிற்கிற உயரம் எதுவோ அதுதான் அவருக்கான புஜங்காசனம். அப்புறம் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனம், கடைசியில் சுவரில் சாய்ந்து நேராக நிற்கும் தாடாசனம். குனியும் ஆசனங்கள் கெட்டவை என்று சொல்லவில்லை, முதுகு பலமான பிறகு முழங்காலை மடக்கிக்கொண்டு செய்யலாம்.

யோகாவால் பலன் உண்டா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒன்று: அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாள்பட்ட கீழ்முதுகுவலிக்கு மாத்திரைக்கு முன் முயலவேண்டியவற்றில் யோகாவும் இருக்கிறது. அதே ஆண்டு 320 பேரை வைத்து வெளியான ஓர் ஆய்வில், 12 வார யோகா வகுப்பு பிசியோதெரபிக்குக் குறையாத பலனைக் கொடுத்தது. கவனியுங்கள், 12 வாரம். "ஏழே நாளில் கூன் மறையும்" என்ற தலைப்பு வேண்டவே வேண்டாம்.

யார் செய்யக்கூடாது என்பதைப் பொடி எழுத்தில் ஓரத்தில் ஒதுக்காதீர்கள். கர்ப்பிணிகளும் சமீபத்தில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்தவர்களும் குப்புறப் படுத்துச் செய்யக்கூடாது. எலும்பின் அடர்த்தி குறைந்து பலவீனமாகும் ஆஸ்டியோபோரோசிஸ் உள்ளவர் முதுகை வளைத்துக் குனிந்தால் முள்ளெலும்பு நொறுங்கக்கூடும். பின்னால் வளைந்தால் கால் வலிக்கிறவர்களுக்கு நான் சொன்ன வரிசையும் பொருந்தாது, மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ ஆசனம் எதுவும் வேண்டாம், உடனே மருத்துவமனைதான்.

ஜூன் 21 யோகா தினத்துக்குச் சிறப்புப் பக்கம் போடுவீர்கள் அல்லவா? அதில் உடம்பு ரப்பராக வளைகிற ஒருவரின் படத்துக்குப் பதிலாக, இன்றுதான் முதன்முதலில் ஒற்றைக் காலைத் தூக்குகிற ஒருவரின் படத்தைப் போடுங்கள், எத்தனை மூச்சு, எங்கே நிறுத்துவது என்று பக்கத்திலேயே எழுதி.

இப்படிக்கு,
யோகா ஆசிரியை ஒருவர்