வெற்றிப் பாடல் யாருடையது?

ஆசிரியருக்கு வணக்கம்.

இளம் பாப் பாடகி ஒருவர் பாட்டுப் போட்டியில் தொடங்கித் தனி ஆல்பம் வரை வந்த கதையைச் சென்ற இதழில் படித்தேன். ஆடிஷன் வரிசை, நடுவர்களின் கண்ணீர், கடைசிச் சுற்றின் படபடப்பு என விறுவிறுப்பாக இருந்தது. ஆனால் போட்டி முடிந்த நாளுக்கும் முதல் ஆல்பம் வந்த நாளுக்கும் நடுவில் நடந்ததை 'கடின உழைப்புக்குப் பின்' என்று மூன்றே சொல்லில் தாண்டிவிட்டீர்கள். என்னைக் கேட்டால் கதையே அங்கேதான் இருக்கிறது.

மேடைக் கச்சேரிகளுக்குப் பல வருடம் கீபோர்டு வாசித்தவன் நான். போட்டிகளில் பாடிப் பழகியவர்கள் ஒத்திகைக்கு வந்தால் எங்களுக்கு வேலை சுலபம். எந்தப் பாட்டு, எந்த ஸ்ருதி என்று சொன்னால் போதும். மூலப்பாட்டு எல்லோர் காதிலும் இருக்கிறது. எங்கே மூச்சு விடுவது, எங்கே சங்கதி போட்டால் கைதட்டல் விழும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அதே ஆள் ஒருநாள் சொந்தப் பாட்டோடு வருவார். தொடக்க இசை எவ்வளவு நீளம்? பல்லவியை எத்தனை முறை திருப்புவது? இரண்டாவது சரணத்தில் டிரம்ஸ் வேண்டுமா, வேண்டாமா? எல்லாவற்றுக்கும் அவர்தான் பதில் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும், "உங்களுக்கு எது சரின்னு படுதோ அப்படியே வாசிங்க" என்பார்கள். குரலில் ஒரு குறையும் இருக்காது. இந்தக் கேள்விகளை அதுவரை யாரும் அவர்களிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

போட்டி நடத்துபவர்களுக்கு அதைக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. 2002இல் 'அமெரிக்கன் ஐடல்' டிவி பாட்டுப் போட்டியின் முதல் சீசனை கெல்லி கிளார்க்சன் ஜெயித்தார். வெற்றிப் பாடலாக வந்த 'எ மொமென்ட் லைக் திஸ்', யார் ஜெயிப்பார் என்று தெரிவதற்கு முன்பே தயாராக இருந்தது. இறுதிப் போட்டியில் அவருக்கு எதிரே நின்ற ஜஸ்டின் குவாரினியும் அதே பாடலைத்தான் பாடினார். அமெரிக்காவில் பாடல்களைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 52ஆம் இடத்திலிருந்து ஒரே தாவலில் அது முதலிடத்துக்குப் போனது. வேடிக்கை என்னவென்றால், 2006இல் பிரிட்டனின் 'எக்ஸ் ஃபேக்டர்' போட்டியை ஜெயித்த லியோனா லூயிஸுக்கும் வெற்றிப் பாடலாக இதையே கொடுத்தார்கள். தைத்து வைத்த சட்டை. ஜெயித்தவர் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கெல்லியிடம் சொந்தச் சரக்கு இல்லாமல் இல்லை. பதினாறு வயதில் எழுதத் தொடங்கிய 'பிகாஸ் ஆஃப் யூ' கையிலேயே இருந்தது. முதல் ஆல்பத்துக்கு அதைக் கொடுத்தபோது வேண்டாம் என்றுவிட்டார்கள். 2004இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில்தான் அதற்கு இடம் கிடைத்தது. பாட்டு பல நாடுகளில் ஓடியது. அந்த ஆல்பம் அவருக்கு இரண்டு கிராமி விருதுகளையும் வாங்கித் தந்தது. சரி, இனி அவர் இஷ்டத்துக்கு விடுவார்கள் என்றுதானே நினைப்போம்? 2007இல் எல்லாப் பாடல்களிலும் தானே எழுத்தில் பங்கெடுத்து அடுத்த ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது, கம்பெனித் தலைமைக்கும் அவருக்கும் நடந்த உரசல் ஊரறியச் செய்தியானது. அந்த ஆல்பம் முந்தையதைப் போல் விற்கவில்லை என்பதும் உண்மை. சொந்தமாக எழுதினால் ஓடிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது அவருடைய பாட்டு.

ஒப்பந்தம் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இல்லை. இதுபோன்ற போட்டிகளில் ஜெயித்தவரின் ரெக்கார்டிங், மேனேஜ்மென்ட் இரண்டையும் நிகழ்ச்சியோடு தொடர்புடைய கம்பெனியே எடுத்துக்கொள்வது சகஜம். 2012இல் அமெரிக்கன் ஐடல் ஜெயித்த ஃபிலிப் ஃபிலிப்ஸ், 2015இல் கலிபோர்னியா தொழிலாளர் ஆணையரிடம் முறையிட்டார். தன் ஆல்பத்தின் பெயரே பொதுவில் அறிவிக்கப்படும் வரை தனக்குச் சொல்லப்படவில்லை என்பது அவர் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. பிறகு இரு தரப்பும் சமரசத்துக்கு வந்துவிட்டார்கள். இருந்தாலும், கையெழுத்துப் போடும் வயதில் இருக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

தோற்றவர்கள்தான் பின்னால் பெரிய ஆள் ஆகிறார்கள் என்று ஒரு பேச்சும் உண்டு. நான் அதை நம்பவில்லை. கெல்லியும், அதே அமெரிக்கன் ஐடலில் வந்த கேரி அண்டர்வுட்டும் ஜெயித்தவர்கள்தானே? ஆனால் தோற்றவர்களுக்குப் போட்டிக்கும் ஆல்பத்துக்கும் நடுவில் கொஞ்சம் காலம் கிடைக்கிறது. அமெரிக்கப் பாடகி பியான்சே சிறுமியாக இருந்தபோது அவருடைய குழு 'ஸ்டார் சர்ச்' போட்டியில் தோற்றது. அது 1993, தனி ஆல்பம் வந்தது 2003. ஹாரி ஸ்டைல்ஸ் 2010இல் பிரிட்டனின் 'எக்ஸ் ஃபேக்டர்' போட்டிக்குத் தனியாக ஆடிஷன் கொடுக்கப் போய், நடுவர்கள் சேர்த்துவைத்த குழுவோடு மூன்றாம் இடம் பிடித்தார். தனிப்பாடகராக ஆல்பம் போட்டது 2017இல். அரிஜித் சிங் போனது சினிமாப் பக்கம் என்றாலும் அவர் கதையும் இதேதான். 2005இல் 'ஃபேம் குருகுல்' போட்டியில் வெல்லாமல் வெளியேறி, இசையமைப்பாளர்களிடம் உதவியாளராக மியூசிக் புரோகிராமிங் (கம்ப்யூட்டரில் இசை கோர்ப்பது) செய்துகொண்டிருந்தார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த 'தும் ஹி ஹோ' பாட்டு வந்தது 2013இல்தான். ஒரு பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்பதை அந்த வருடங்களில் இவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். ஜெயித்தவருக்கோ, கூட்டம் மறப்பதற்குள் ஆல்பம் வந்தாக வேண்டும்.

போட்டிகளையே குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இத்தாலியின் 'எக்ஸ் ஃபேக்டர்' போட்டியில், அதுவரை வெளிவராத புதுப் பாடலைப் பாடுவதற்கென்றே ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். 2017இல் அங்கே சொந்தப் பாடலோடு இரண்டாம் இடம் பிடித்த மொனெஸ்கின் குழுதான் 2021இல் நாடுகளுக்கிடையே நடக்கும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியை வென்றது, அதுவும் தாங்களே எழுதிய பாடலால். அதன் பாடகர் தாமியானோ தாவித் இப்போது தனி ஆல்பமும் போட்டுவிட்டார். மற்ற நிகழ்ச்சிகளும் இப்படி ஒரு சுற்று வைத்தால் என்ன குறைந்துவிடும்? வாக்கு கொஞ்சம் குறையலாம், தெரியாத பாட்டுக்குக் கைதட்ட ஆட்கள் யோசிப்பார்கள். அப்புறம் பழகிவிடும்.

கட்டுரையில் வந்த பாடகியை அடுத்த முறை பேட்டி எடுக்கும்போது எனக்காக மூன்று கேள்வி கேளுங்கள். ஆல்பத்தில் எத்தனை பாடல்களில் எழுத்தாளராக அவர் பெயர் இருக்கிறது? மாஸ்டர் உரிமை, அதாவது பதிவுசெய்த பாடல்களின் உரிமை, யாரிடம் இருக்கிறது? போட்டிக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம் எப்போது முடிகிறது? பதில் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை என்றால், அதையும் அப்படியே அச்சிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்