தெப்பக்குளத்து நடையும் உன் தட்டும்

செம்பூர், மும்பை

அன்புள்ள சேதுவுக்கு,

நலம், நலமறிய ஆவல். தீபாவளி வாழ்த்துக்குக்கூடப் பதில் போடாதவன் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறானே என்று நீ முணுமுணுப்பாய், முணுமுணுத்துக்கொள். தங்கை மீனாட்சி நேற்றிரவு லலிதாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றிவிட்டு வந்தவன், மாடிப்படியில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்க உட்கார்ந்துவிட்டாயாம். கேட்டதற்கு "வெயில்" என்றாயாம். காலை ஏழு மணிக்கு மதுரையில் என்ன வெயில்? நம் பழைய மெஸ் நண்பன் பட்டாபி இருந்திருந்தால், "மறுபடியும் மெஸ் பில் கட்டவில்லையா?" என்றுதான் கேட்டிருப்பான்.

நீ எடை குறைக்க முயல்வதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் நடையைக் கூட்டிய அதே வாரத்தில் சாப்பாட்டையும் குறைத்திருக்கிறாய், அதுவும் வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய 1200 கலோரிப் பட்டியலை நம்பி. வங்கியில் முப்பது வருடம் கணக்குப் பார்த்த உனக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது பார். 1990இல் வெளிவந்த மிஃப்ளின்–செயின்ட் ஜோர் சூத்திரப்படி, எடையைப் பத்தாலும் உயரத்தை 6.25ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கைக் கழித்து, ஆண் என்பதால் ஐந்தைச் சேர்த்தால், 78 கிலோ எடையும் 168 செ.மீ. உயரமும் 56 வயதும் உள்ள உன் உடம்பு சும்மா படுத்திருப்பதற்கே நாளொன்றுக்குச் சுமார் 1555 கலோரி கேட்கிறது. உட்கார்ந்தே இருப்பவனுக்கு அதை 1.2ஆல் பெருக்க வேண்டும்; 1866 வரும். கொஞ்சம் நடமாடுகிறவனுக்கு 1.375, அப்போது 2138. முன்பு நீ 1500 சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பற்றாக்குறை முந்நூற்றைம்பது சொச்சம். மெதுவாக இறங்குகிற, நியாயமான கணக்கு அது. இப்போது செலவை 270 உயர்த்தி, வரவை 300 குறைத்ததில் பற்றாக்குறை ஒரேயடியாக 900ஐத் தாண்டிவிட்டது. எடை வேகமாக இறங்கும்தான். கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும் என்பதை அந்தப் பட்டியலை அனுப்பிய புண்ணியவான் எழுதியிருக்க மாட்டார்.

இன்னொரு பக்கம், உன் மகன் அனுப்பிய கைக்கடிகாரத்தை நம்பி, அது காட்டும் கலோரியை எல்லாம் சாப்பிட்டே தீர்ப்பேன் என்று கிளம்பிவிடாதே. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2017இல் இப்படிப்பட்ட ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். பெரும்பாலானவை நாடித்துடிப்பைச் சரியாகச் சொல்லின. கலோரிக் கணக்கிலோ, இருப்பதிலேயே நல்ல கருவிக்கே 27 சதவீதம் பிழை. தவிர, நான் மேலே பெருக்கிய 1.375இல் உன் நடை ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. கடிகாரம் காட்டுவதையும் அதன்மேல் கூட்டினால் ஒரே செலவை இரண்டு முறை எழுதியதாகும்.

என் கதையைக் கேள். அலுவலகத்தார் எல்லோரையும் திரும்ப வரச் சொல்லிவிட்டதால், செம்பூரில் ஹார்பர் லைன் மின்சார ரயிலைப் பிடித்து சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்தில் இறங்கி, ஷேர் டாக்சி வரிசையில் நிற்கப் பிடிக்காமல் நரிமன் பாயின்ட்வரை நடக்கிறேன், மாலையிலும் அப்படியே. போகவர ஐந்து கிலோமீட்டர் இருக்கும். என் கைக்கடிகாரம் நானூறு கலோரிக்கு மேல் காட்டுகிறது. கிலோமீட்டருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு அரை கலோரி என்ற பொதுக் கணக்கில் பார்த்தால், 75 கிலோ ஆசாமியான எனக்கு அதிகப்படியாகச் செலவாவது 190க்குள்தான். ஆனால் மாலையில் ஸ்டேஷன் வாசலில் நெருக்கியடிக்கும் கூட்டத்துக்கு நடுவே, பாவ் ரொட்டியைப் பிளந்து, சிவப்புப் பூண்டுச் சட்னிப் பொடியைத் தூவி, சூடான வடையை அமுக்கி, பொரித்த மிளகாயோடு தாளில் சுற்றி நீட்டுகிறானே, அந்த வடா பாவ் ஒன்றே ஏறக்குறைய முந்நூறு கலோரி! நாளெல்லாம் நடந்தது அத்தோடு சரி. ஆகவே நான் கைப்பையில் வறுத்த கடலை கொண்டுபோகிறேன். லலிதா இதைத் தவம் என்கிறாள், பக்கத்து இருக்கைக்காரர் கஞ்சத்தனம் என்கிறார்.

பசியை மட்டும் நம்பவும் முடியாது. 1956இல் ழான் மேயர் என்பவர் மேற்கு வங்கத்துச் சணல் ஆலை ஒன்றில் பார்த்தபோது, நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவர்களும் கடும் வேலை செய்தவர்களுக்கு நிகராகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். உடம்பு கேட்பதெல்லாம் தேவையும் இல்லை, கேட்காததெல்லாம் மிச்சமும் இல்லை. எனவேதான் நான் நடையைத் தொடங்கியபோது சாப்பாட்டில் எதையும் மாற்றாமல் இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டு, தினமும் காலையில் பார்த்த எடையின் வார சராசரியை மட்டும் கவனித்தேன். புதிதாக உழைக்கும் தசை நீரைப் பிடித்து வைப்பதால் தொடக்கத்தில் எடை சற்று ஏறக்கூடும். அதைக் கண்டு தட்டைச் சுருக்குவது முட்டாள்தனம்.

இவ்வளவும் சாதாரண ஆளுக்கு. நீ சர்க்கரை நோய்க்குக் கிளிமெபிரைடு மாத்திரை சாப்பிடுகிறவன், சேது. இன்னொரு சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் மட்டும் என்றால் நான் இவ்வளவு பதறமாட்டேன். கிளிமெபிரைடோ, நீ சாப்பிட்டாயா இல்லையா என்று பார்க்காமல் கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். சாப்பாட்டைக் குறைத்து, நடையையும் கூட்டினால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். உனக்கு வந்த வியர்வையும் நடுக்கமும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். மறுபடியும் அப்படி வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பார். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பார்; ஏறவில்லை என்றால் மறுபடியும் குடி. மீட்டர் கையில் இல்லாவிட்டால் தேடிக்கொண்டிராமல் முதலில் சர்க்கரையைக் குடி. நடக்கும்போது சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும், மீனாட்சிக்கும் இதைச் சொல்லிவை. எடை குறையக் குறைய அந்த மாத்திரையின் அளவையும் குறைக்க வேண்டியிருக்கும். அதை மருத்துவர் சொல்ல வேண்டும், நீயாகவே நிறுத்திவிடாதே.

நாளையே போய், நடை கூடியதையும் சாப்பாடு குறைந்ததையும் படியில் உட்கார்ந்ததையும் ஒளிக்காமல் சொல். அவர் சரி என்றால், 1200ஐ 1600 அளவுக்கு உயர்த்து. நடையை விட வேண்டாம். பதினோரு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல், இரவில் கூடுதலாக ஒரு சப்பாத்தி, கெட்டிப் பருப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். அப்போதும் நாளுக்கு ஐந்நூறு கலோரி பற்றாக்குறை இருக்கும். ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7700 கலோரி என்று வைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்குவாய்.

மருத்துவர் என்ன சொன்னார், மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்பதை ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுது. எழுதாவிட்டால் மீனாட்சியிடமே கேட்டுக்கொள்வேன்.

உன்,
ரகு