முத்து மண்டபத்துக்கு அழைத்துப் போகாத அரை நாள் சுற்றுலா – புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர் (பெயரும் முன்பதிவு எண்ணும் உறையின் மேல் உள்ளன),
சத்துவாச்சாரி, வேலூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: வேலூர் அரை நாள் தனிச் சுற்றுலாவுக்குக் கட்டிய 6,800 ரூபாயைத் திருப்பித் தருவதும், என் அத்தையிடம் எழுத்து மூலம் மன்னிப்பு கேட்பதும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்களுக்கு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். மூன்றுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று ஒரே பதில்தான் வந்தது. கீழே யாருடைய பெயரும் இல்லை. ஒன்பது தடவை போன் செய்துவிட்டேன், மூன்று தடவை உங்கள் வேலூர் கிளைக்கு நேரில் போய் வந்துவிட்டேன். இனி அலைய எனக்குத் தெம்பில்லை. அதனால் இதைப் பதிவுத் தபாலில் தலைமை அலுவலகத்துக்கே அனுப்புகிறேன். பொறுப்பில் இருக்கும் ஒருவர் தயவுசெய்து கடைசிவரை படிக்க வேண்டும்.

சென்ற மாதம் 7ஆம் தேதி வெள்ளிக்கிழமை நாங்கள் மூன்று பேர் உங்கள் சுற்றுலாவில் போனோம். நான், என் அப்பாவின் அக்கா, அவருடைய மகள். தனிக் கார், உரிமம் பெற்ற தமிழ் கைடு, காலை 8.30 முதல் மதியம் 1 மணி வரை. பணம் முழுவதையும் முன்னாலேயே கட்டிவிட்டேன். பேக்கேஜில் என்னென்ன இடங்கள் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, வவுச்சரின் பின்பக்கம் நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள்: கோட்டை, ஜலகண்டேஸ்வரர் கோயில், அரசு அருங்காட்சியகம், சிப்பாய் புரட்சி நினைவுத் தூண், முத்து மண்டபம். இந்த ஐந்தில் உருப்படியாகப் பார்த்தது ஒன்றுதான். அதையும் ஓட்டமும் நடையுமாகத்தான் பார்த்தோம்.

வேலூரிலேயே இருக்கிறவளுக்கு எதற்குக் கைடு என்று உங்கள் கிளையில் ஒருவர் கேட்டார். அவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான். ஆனால் கோட்டைக்குப் போவது என்றால் எங்களுக்கு சாமி கும்பிடுவது, பிறகு வெளியே பூங்காவில் உட்கார்ந்து வேர்க்கடலை சாப்பிடுவது, அவ்வளவுதான். அத்தைக்கு அப்படிக் காட்டினால் போதாது. அவர் கல்யாணமாகி 1965ல் கண்டிக்குப் போனவர். அறுபது வருடமாக அங்கேதான் இருக்கிறார். நல்லது கெட்டதுக்கு வேலூர் வந்தாலும் இரண்டு நாளில் திரும்பிவிடுவார். இந்தத் தடவைதான் பத்து நாள் இருக்க முடிந்தது. வந்த அன்றே கேட்டது ஒன்றே ஒன்று: "எங்கட ராஜாவின்ட சமாதி இங்கதானே இருக்கு, அதை எனக்கு ஒருக்கா காட்டு பிள்ளை."

கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815ல் வெள்ளைக்காரன் கையில் ராஜ்யம் போனது. 1816ல் அவரைக் குடும்பத்தோடு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து சிறை வைத்தார்கள். 1832 வரை இங்கேயே இருந்து இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருடைய சமாதி இருக்கும் இடத்தில்தான் 1990ல் முத்து மண்டபம் கட்டினார்கள். அத்தை தினமும் காலையில் நடக்கப் போகிற கண்டி ஏரி அந்த ராஜா வெட்டியது. அறுபது வருடமாக அவர் வெட்டிய ஏரியைச் சுற்றி நடந்தவர், தான் பிறந்த ஊரில் அவரைப் புதைத்த இடத்தை ஒரு தடவை பார்க்க ஆசைப்பட்டார். இதையெல்லாம் முன்பதிவு செய்தபோதே உங்கள் ஊழியரிடம் சொன்னேன். "கண்டிப்பா மேடம், முத்து மண்டபம் நம்ம பேக்கேஜ்ல ஸ்பெஷல்" என்றார்.

இப்போது என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். 7ஆம் தேதி மாலையே உங்கள் வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர் பெயர் சொல்ல மறுத்துவிட்டார். முத்து மண்டபத்துக்கு அழைத்துப் போகவே இல்லை என்று சொன்னேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "அது வெறும் சமாதிதானே மேடம், அதைப் பார்க்கலைன்னா என்ன நஷ்டம்?"

என்ன நஷ்டமா? அத்தைக்கு 79 வயது. போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை அதைக் கேட்டுவிட்டார். ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். என் வீட்டுக்கு வந்த பெரியவரை என் வீட்டிலேயே வைத்து அவமானப்படுத்தினார் அந்த ஆள். என் வாழ்நாளில் இப்படி ஒரு தலைகுனிவு எனக்கு வந்ததில்லை. நீங்கள் எல்லா அழைப்பையும் பதிவு செய்கிறீர்கள் என்று போன் எடுத்ததும் ஒரு குரல் சொல்கிறதே, அந்தப் பதிவை எடுத்து நீங்களே கேளுங்கள். மாலை 5.40க்குப் பேசினேன்.

அன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவள். நேரத்தைக் குறித்துவைப்பது எனக்குப் பழக்கம். 8.30க்கு வர வேண்டிய கார் 9.50க்கு வந்தது. அத்தை 7 மணிக்கே குளித்து, புடவை கட்டி, ராஜாவுக்கு என்று ஒரு முழம் கதம்பம் வாங்கி வாழையிலையில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கைடு என்று வந்தது கல்லூரிப் பையன் ஒருவன். உரிம அட்டை எங்கே என்று கேட்டேன், "சார் வரலை, என்னை அனுப்பினாரு" என்றான். பையனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவனைத் தெரியாத வேலைக்கு அனுப்பியது நீங்கள்.

கார் நேராகக் கோட்டைக்குப் போகும் என்று பார்த்தால் ஆற்காடு சாலையில் ஒரு பட்டுப் புடவைக் கடை வாசலில் நின்றது. "பத்து நிமிஷம் மேடம், சும்மா பாருங்க" என்றார் டிரைவர். கடை முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது. வேண்டாம், காரிலேயே இருக்கிறோம் என்றால், ஏசியை நிறுத்திவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். வேறு வழியில்லாமல் அத்தை இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துப் படியேறினார். 10.20க்கு உள்ளே போய் 11.40க்கு வெளியே வந்தோம். ஒரு மணி இருபது நிமிடம்! கோட்டைக்காகப் பணம் கட்டியவர்களை ஆரணிப் பட்டுக்கும் காஞ்சிப் பட்டுக்கும் வித்தியாசம் கேட்க உட்கார வைத்தீர்கள். அந்தக் கடை உங்கள் வவுச்சரில் எந்த மூலையில் இருக்கிறது என்று எனக்குக் காட்ட வேண்டும்.

மக்கான் சிக்னல் வழியாகப் போனபோது நினைவுத் தூணை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். நிறுத்தச் சொன்னதற்கு இடமில்லை என்றார்கள். பையன் போனைப் பார்த்துப் படித்தான்: 1857ல் நடந்த சிப்பாய் கலகமாம். வேலூரில் நின்றுகொண்டு இதைச் சொல்லலாமா? வேலூர்ப் புரட்சி 1806 ஜூலை 10. 1857க்கு 51 வருடம் முன்னால். தலைப்பாகை மாற்றச் சொன்னதற்குப் பொங்கி எழுந்த சிப்பாய்கள், ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை கையில் நூற்றுக்கணக்கில் செத்த ஊர் இது. அதற்காகத்தான் அங்கே தூணே நிற்கிறது. அடுத்து, கோட்டையைக் கட்டியது திப்பு சுல்தான் என்றான். கோட்டை 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்குக் கீழிருந்த நாயக்கர்கள் கட்டியது. 1799ல் திப்பு இறந்த பிறகு அவர் குடும்பத்தை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள், அவ்வளவுதான். இதை என் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லும்.

அருங்காட்சியகம் பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை அரசு அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை. நான் கேட்டது வியாழக்கிழமை. "கார் இல்லை, வெள்ளிக்கிழமை கூட்டம் குறைவு, நிம்மதியா பார்க்கலாம்" என்று மாற்றச் சொன்னது நீங்கள். தினம் தினம் விற்கிற பேக்கேஜில் எந்த நாள் எது மூடியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. தெரிந்தே விற்றிருக்கிறீர்கள். அதே போன் ஆள் இதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்: "நீங்க வேலூர்தானே, உங்களுக்கே தெரிஞ்சிருக்கணும்." அந்த ராஜா வைத்திருந்த தந்தச் சதுரங்கப் பலகை அந்த அருங்காட்சியகத்துக்குள்தான் இருக்கிறது. பூட்டிய கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்து அத்தை முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன், பொய் சொல்லக் கூடாது. 12.30க்கு, நடை சாத்தும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கோயிலுக்குள் போய்விட்டோம். அத்தை சிறுமியாக இருந்தபோது அது சாமி இல்லாத கோயில். "சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு" என்று ஊரே சொல்லும். 1981ல்தான் எங்கள் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுபோய்ப் பிரதிஷ்டை செய்தார்கள். அத்தை தீபாராதனை பார்த்துக் கண் கலங்கினார். அதற்கு நன்றி. ஆனால் அங்கேயும் உங்கள் பையன் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். மாடும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் அந்தச் சிற்பத்தை அத்தைக்கு நான்தான் காட்டினேன். ஒரு பக்க உடம்பை உள்ளங்கையால் மறைத்தால் மாடு, மறு பக்கத்தை மறைத்தால் யானை. அத்தை தன் கையாலேயே இரண்டு தடவை மறைத்துப் பார்த்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சரியாக 1 மணிக்கு டிரைவர், "டைம் முடிஞ்சிடுச்சு, வீட்டுல விட்டுடறேன்" என்றார். முத்து மண்டபம் அங்கிருந்து காரில் பத்து நிமிடம்கூட ஆகாது. கெஞ்சினேன். கூடுதல் பணம் தருகிறேன் என்றும் சொன்னேன். அடுத்த பார்ட்டி காத்திருக்கிறது என்றார். தாமதமாக வந்தது அவர், கடையில் உட்கார வைத்தது அவர், நேரம் முடிந்தது மட்டும் எங்களுக்கு. அந்தக் கதம்பத்தை அத்தை வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்து எங்கள் துளசி மாடத்தில் வைத்தார். "விடு பிள்ளை, அவர் அங்கதான் இருப்பார். நான்தான் இனி வருவனோ என்னவோ" என்றார்.

மறுநாள் நீங்களே அழைத்துப் போயிருக்கலாமே என்று உங்கள் கிளையில் கேட்டார்கள். அந்தக் கடைப் படி ஏறி இறங்கியதில் சனிக்கிழமை காலை அத்தையின் வலது முழங்கால் வீங்கிவிட்டது. கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சென்னையில் விமானம். சக்கர நாற்காலியில்தான் ஏற்றி அனுப்பினேன். டாக்டருக்கும் மருந்துக்கும் 1,450 ரூபாய், ரசீது இருக்கிறது.

கிளை அலுவலகக் கதையை நினைத்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அசல் வவுச்சரோடு வாருங்கள் என்றார்கள். அரை நாள் விடுப்புப் போட்டுப் போனால் கதவு பூட்டியிருந்தது. இரண்டாவது தடவை, கையெழுத்துப் போடும் மேடம் லீவு. மூன்றாவது தடவை கொட்டும் மழையில் ஆட்டோவுக்கு 180 ரூபாய் கொடுத்துப் போய், நாற்பது நிமிடம் ஈரப் புடவையோடு நின்றேன். அப்புறம் சொல்கிறார்கள், பயணம் செய்த மூத்த குடிமகன் நேரில் வந்து படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். கண்டியிலிருந்து அவர் வர வேண்டுமா? பணம் கட்டியது நான், ரசீது என் பெயரில். கடைசியில் அடுத்த சுற்றுலாவுக்கு 500 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன் நீட்டினார்கள். அதை அந்த மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

உங்களோடு சண்டை போடுவது என் நோக்கமில்லை. உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருப்பார்கள் என்று நம்பித்தான் இன்னும் கடிதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் கேட்பது இவ்வளவுதான். 6,800 ரூபாயை முழுவதுமாகத் திருப்பித் தர வேண்டும், கூப்பனாக அல்ல, என் வங்கிக் கணக்கில். மருத்துவச் செலவையும் நான் அலைந்த ஆட்டோச் செலவையும் தர வேண்டும். ஒரு பெரியவரின் அறுபது வருட ஆசையை மண்ணாக்கியதற்கு ஒரு லட்சம் கேட்டாலும் தகும், அதைக் கேட்கும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேல், என் அத்தைக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் வேண்டும். தமிழில், பொறுப்பான அதிகாரியின் கையெழுத்தோடு. அதில் "வெறும் சமாதி" என்று சொன்னது தவறு என்று எழுதியிருக்க வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் சென்னையில் இருக்கிறது என்று தப்ப முடியாது. ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. ஆட்சியர் அலுவலகம் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான், சுற்றுலா அலுவலரிடமும் மனு கொடுப்பேன். வவுச்சர், ரசீதுகள், நான் நேரம் குறித்த தாள் எல்லாவற்றின் நகலையும் இதோடு வைத்திருக்கிறேன். அசல் என்னிடம்தான் இருக்கும், இனி யாரிடமும் தர மாட்டேன்.

பேச வேண்டுமென்றால் மாலை 6 மணிக்கு மேல் அழையுங்கள், பகலில் எனக்கு வேலை இருக்கிறது. 7ஆம் தேதி மாலை பேசிய அந்த நபரை மட்டும் மறுபடி என்னிடம் பேச விடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.