ஸீயையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இதழில் அமெரிக்கக் கொள்ளைக்காரர் ஜெஸி ஜேம்ஸின் ரயில் கொள்ளைகளைப் படித்தேன். சரி, மனைவி ஸீ எங்கே? ஜெஸிக்கு அவர் அத்தை மகள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், "முறைதானே" என்பார்கள். 1865இல் குண்டடிபட்டுக் கிடந்தவரைப் பராமரித்து, ஒன்பது வருடம் காத்திருந்து, 1874இல் கல்யாணம். அப்புறம் பொய்ப் பெயர்களில் குடித்தனம். இரட்டைக் குழந்தைகள் சிசுவிலேயே போய்விட்டன. 1882இல் மிசூரி வீட்டுக்குள்ளேயே கணவர் சுடப்பட்ட பிறகுதான் ஆறு வயது மகனுக்குத் தன் சொந்தப் பெயரே தெரிந்தது.

பிறப்புப் பதிவில் என் பெயரையும் யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள். பள்ளியில் முதல் நாள் டீச்சர் மூன்று முறை கூப்பிட்டும் நான் எழும்பவில்லை. அந்தப் பையனைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஹட்டன்